தேசிகர் என்னும் திருப்பெயர்

திருச்சிற்றம்பலம்

திருக்குடமுழுக்கு நிகழுங் காலத்தில் திருக்கோயிலில் இரண்டு வகைப் பெயர்கள் முன்னிற்கக் காண்கிறோம். ஒன்று, யாகசாலைக் கடந்தோறும் மந்திர வடிவாக எழுந்தருளுவிக்கப்பெறும் இறைவன் திருப்பெயர். மற்றொன்று, திருப்பணிக்குப் பொருளும் உழைப்பும் உதவிய அன்பர்களின் பெயர். கல்லிலும் மலரேட்டிலும் பொறிக்கப்பெறுவது. அன்பர்களின் பெயர் வரிசையை ஒருமுறை நோக்கினால், ஊர்ப்பெயர் முன்னும் குடிப்பெயரோ பட்டப்பெயரோ பின்னுமாக, ஒரே பெயர் பல இடங்களில் மீண்டும் மீண்டும் வருதலைக் காணலாம். ஒரு பெயரைப் பலர் தாங்குகின்றனர். அவர்களை ஒன்றுபடுத்துவது யாது? குருதித் தொடர்போ, ஊர்த் தொடர்போ, செய்தொழில் தொடர்போ? இவ்வினாவைப் பொதுவகையால் ஆராய்வதினும், நம் சமய வரலாற்றோடு பிரிவின்றி நிற்கும் ஒரு பெயரை எடுத்துக்கொண்டு ஆராய்தல் பயனுடைத்து. அப்பெயர் 'தேசிகர்' என்பது.

ஆதீனத் தலைவர் பெயரிலும் அது உண்டு. இல்லறத்தார் பெயரிலும் உண்டு. சைவர் பெயரிலும் உண்டு. வைணவர் பெயரிலும் உண்டு. இலக்கணம் செய்தார் சிலர். சாத்திரம் செய்தார் சிலர். இசையால் இறைவனை வழிபட்டார் சிலர். இத்துணை வேறுபட்டோர் ஒரு பெயரின்கீழ் வந்து கூடியது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

சொல்லும் பொருளும்

தேசிகர் என்பது வடசொல். 'திச்' என்னும் வினையடி காட்டுதல் என்னும் பொருளது. திசை, தேசம், உபதேசம், தேசிகர் என்னும் நான்கும் அவ்வொரு வேரிற் கிளைத்தனவே. சுட்டிக் காட்டப்படும் பக்கம் திசை. சுட்டிக் காட்டப்படும் இடம் தேசம். அருகிருத்தி மெய்ப்பொருளைச் சுட்டிக் காட்டுதல் உபதேசம். அங்ஙனம் காட்டவல்லார் தேசிகர். புதிய ஊருக்குச் செல்லும் வழிப்போக்கனுக்கு அவ்வூரின் ஆறும் காடும் அறிந்த ஒருவன் முன்னே நடந்து வழி காட்டுவான், அவனும் தேசிகனே. அவ்வழக்கிலிருந்து, உயிர் செல்ல வேண்டிய இடத்தைத் தாம் கண்டு, பிறர்க்கும் காட்டும் ஆசிரியரைக் குறிப்பதாக அச்சொல் உயர்ந்தது.

ஆகவே இப்பெயரில் இடமும் ஆளும் ஒன்றாய்க் கலந்து நிற்கின்றன. இடம் அறியாதார் தேசிகர் ஆகார்; அறிந்தும் காட்டாதார் தேசிகர் ஆகார். பெயரின் பொருளிலேயே கடமை அடங்கியிருத்தலை அன்பர்கள் உளங்கொள்க. இதனை அளவுகோலாகக் கொண்டே இனிவரும் பெரியோர்களைக் காண்போம்.

ஆவடுதுறையில் நின்ற பெயர்

திருவாவடுதுறை, திருமூல நாயனார் அரசமரத்தின்கீழ் யோகத்தில் அமர்ந்த தலம். அங்கு 16ஆம் நூற்றாண்டில் சைவ ஆதீனம் நிறுவியவர் நமசிவாய மூர்த்திகள். மயிலாடுதுறையை அடுத்த மூவலூரில் தோன்றிச் சித்தர் சிவப்பிரகாசரிடத்தில் அருளுபதேசம் பெற்றவர் அவர். அவர் வழிவந்த குருமரபில் தேசிகர் என்னும் பெயர் நிலைபெற்றது.

அம்மரபு தந்த பெருஞ்செல்வம் பண்டார சாத்திரம் எனப்படும் 14 நூல்கள். மெய்கண்ட சாத்திரங்களின் உட்கிடையை அநுபவ நெறியில் நின்று விளக்குவன அவை. அப்பதினான்கையும் இயற்றியோர் நால்வர். நால்வரும் தேசிகர் என்னும் பெயரினரே. அம்பலவாண தேசிகர் அருளியவை 10. தட்சிணாமூர்த்தி தேசிகர் அருளியவை 2. சுவாமிநாத தேசிகர் அருளியது 1. பின்வேலப்ப தேசிகர் அருளியது 1. இவற்றுள் ஒரு வியப்பு உண்டு. தசகாரியம் என்னும் பெயரில் மூன்று நூல்கள் உள. அம்பலவாண தேசிகர், தட்சிணாமூர்த்தி தேசிகர், சுவாமிநாத தேசிகர் ஆகிய மூவரும் தனித்தனியே அப்பெயரால் நூல் செய்தனர். ஆசிரியர் பெயரின் ஈறும் ஒன்று, நூற்பெயரும் ஒன்று, நுவலும் பொருளும் ஒன்று. முன்னோர் சொல்லியதனைப் பின்னோர் ஏன் மீண்டும் சொல்லினர்? வந்த மாணாக்கரின் பக்குவம் நோக்கி, ஒரே வழியை மீண்டும் மீண்டும் காட்ட வேண்டியிருந்தமையின் என்க. வழி பழையதே, நடப்பவர் புதியவர்.

மடத்தில் பட்டம் ஏற்பவர் பெற்றோர் இட்ட பெயரை நீத்து, குருமரபின் பெயரைத் தாங்குகின்றார். அதனால் ஒரே பெயர் நூற்றாண்டு தோறும் திரும்பி வருகின்றது. அம்பலவாண தேசிகர் என்னும் பெயர் அங்ஙனம் பலமுறை வந்தது. 2012ஆம் ஆண்டில் அவ்வாதீனத்தின் 24ஆம் தலைவராக எழுந்தருளியவரும் அப்பெயரே பூண்டார். இப்பெயரொற்றுமை குருதி வழியதன்று, திருவருள் வழியது. தந்தை பெயரை மகன் ஏற்றல் உலகியல். ஆசிரியர் பெயரை மாணாக்கர் ஏற்றல் மடத்தியல்.

விளக்கேந்திய மாணாக்கர்

தருமபுர ஆதீனத்தை 16ஆம் நூற்றாண்டில் நிறுவியவர் குருஞானசம்பந்தர். திருவில்லிபுத்தூரில் தோன்றி, மதுரையில் சொக்கநாதப் பெருமானை வழிபட்டு, குருவைத் தேடித் திருவாரூர் அடைந்து, கமலை ஞானப்பிரகாசருக்கு ஆளானவர். அவர் வரலாற்றில் மரபினர் போற்றும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அர்த்தசாம வழிபாடு முடிந்து ஆசிரியர் இல்லம் திரும்புங்கால், ஞானசம்பந்தர் கைவிளக்கு ஏந்தி உடன் சென்றார். வாயிலை அடைந்ததும் ஆசிரியர் 'நிற்க' என்று பணித்துவிட்டு உட்சென்றார். மாணாக்கர் அவ்விடத்திலேயே விளக்கோடு நின்றார். இரவு மழை பெய்தது, அவர் அசைந்திலர். மழை அவரைத் தீண்டாமலும் விளக்கு அவியாமலும் நின்ற அக்காட்சியை விடியற்காலையில் வாயில் தெளிக்க வந்த குருபத்தினியார் கண்டு கணவருக்கு உரைத்தார். மாணாக்கரின் நிலை உணர்ந்த ஆசிரியர், தருமபுரத்திற்குச் சென்று, வருவோர்க்கு உபதேசிக்குமாறு விடைகொடுத்தார்.

நம் பொருளுக்கு இயைந்த கருத்து இந்நிகழ்ச்சியில் நன்கு விளங்கும். அவர் ஆசிரியர் ஆவதற்கு முன்னர்ச் செய்த பணி வழிக்கு விளக்குக் காட்டியது. உலகியல் வழிக்கு ஒளி காட்டியவரே பின்னர் உயிர்நெறிக்கு ஒளி காட்டுபவர் ஆயினர். தருமபுரத்தின் தலைவர்கள் இன்றும் 'தேசிக ஞானசம்பந்தர்' என்று அவ்விரு பெயரையும் இணைத்தே தாங்குகின்றனர்.

அவ்வாதீனத்தின் நான்காம் குருமூர்த்தியாகிய மாசிலாமணி தேசிகர் 17ஆம் நூற்றாண்டினர். குமரகுருபர சுவாமிகள் அவரிடத்தில் வந்த வரலாறு பலரும் அறிந்தது. எங்கே தம் வாக்குத் தடைப்படுமோ அங்கே தம் குரு உளர் என்னும் குறிப்போடு வந்தவர் குமரகுருபரர். பெரியபுராணத்துச் செய்யுள் ஒன்றின் அநுபவப் பொருளை மாசிலாமணி தேசிகர் வினவ, பாடுதலில் தடையறியாத அப்புலவர் விடையின்றி நின்றார், அடிபணிந்தார். அவரைக் காசிக்குச் செல்லுமாறு பணித்தவர் மாசிலாமணி தேசிகரே. குமரகுருபரர் வடநாடு சென்று காசியில் திருமடம் கண்டார். அம்மரபினதே திருப்பனந்தாள் காசித் திருமடம். ஆசிரியர் தருமபுரத்தில் இருந்தபடியே திசையைக் காட்டினார். மாணாக்கர் நெடுவழி நடந்தார். தேசிகர் என்னும் சொல்லின் முழுப்பொருளும் அங்கே நிகழ்ச்சியாயிற்று. 2019ஆம் ஆண்டில் தருமபுரத்தின் 27ஆம் தலைவராக எழுந்தருளியவர் தாங்குவதும் மாசிலாமணி தேசிகர் என்னும் அத்திருப்பெயரே.

இலக்கணம் செய்த இருவர்

ஒரு நூற்றாண்டில், ஒரு நாட்டில், ஒரே ஈற்றுப் பெயருடைய இருவர் இரண்டு இலக்கண நூல்கள் செய்தது தமிழ் வரலாற்றில் நினையத்தக்கது. 17ஆம் நூற்றாண்டில் திருவாரூர் வைத்தியநாத தேசிகர் இலக்கண விளக்கம் செய்தார். திருவாவடுதுறைச் சுவாமிநாத தேசிகர் இலக்கணக் கொத்துச் செய்தார். முன்னவர் இல்லறத்தார்; பின்னவர் துறவறத்தார். திருவாவடுதுறைக்கு உரிய ஈசான மடத்தில் இருந்தமையால் ஈசான தேசிகர் என்றும் பின்னவர் வழங்கப்பெற்றார். மேலே தசகாரியம் செய்த மூவருள் ஒருவராகக் கூறிய சுவாமிநாத தேசிகரும் இவரே.

இலக்கண விளக்கம் எழுத்து, சொல், பொருள் மூன்றையும், பொருளின்பாற்பட்ட யாப்பு, அணி முதலியவற்றையும் ஒருங்கே தொகுத்துக் கூறும் பெருநூல். 'குட்டித் தொல்காப்பியம்' என்று அறிஞர் பாராட்டுவது. அதன் பாட்டியற் பகுதியைச் செய்தவர் ஆசிரியரின் மைந்தர் தியாகராச தேசிகர் என்பர். தந்தையின் பெயரோடு தந்தையின் புலமையும் மகனுக்கு உரிமையாயினமைக்கு இஃது எடுத்துக்காட்டு. தொண்டைமண்டல சதகம் பாடிய படிக்காசுப் புலவர் வைத்தியநாத தேசிகரின் மாணாக்கர்.

இலக்கணக் கொத்து அத்தகைய விரிநூல் அன்று. பல நூல்களிலும் உரைகளிலும் அருகிக் கிடந்த அரிய இலக்கணங்களை வேற்றுமையியல், வினையியல், ஒழிபியல் என்னும் மூன்று இயல்களாகக் கொத்துக் கொத்தாகத் தொகுத்துத் தருவது. ஆசிரியரே உரையும் வகுத்தார். வடமொழி தென்மொழி இரண்டும் கற்ற அவரிடத்தில் பயின்றவர் திருநெல்வேலிச் சங்கரநமச்சிவாயப் புலவர். அப்புலவர் நன்னூலுக்கு விருத்தியுரை செய்தார். அதனைப் பின்னர்த் திருத்திச் செப்பஞ்செய்தவர் திருவாவடுதுறைச் சிவஞான முனிவர்.

அம்முனிவரே இலக்கண விளக்கத்தை மறுத்து இலக்கண விளக்கச் சூறாவளி என்னும் கண்டன நூலும் எழுதினார். சைவராகிய தேசிகர் ஒருவர் செய்த நூலைச் சைவ முனிவர் ஒருவர் மறுக்கலாமோ என்று வினவுவார் உளராயின், அவர்க்கு விடை இது: தேசிகர் என்னும் பெயர் வழிகாட்டும் பொறுப்பைத் தருமேயன்றி, பிழை நேராமைக்கு உறுதி தாராது. வழி காட்டுவோர் சொல்லை ஆராய்ந்து கொள்ளுதல் வழி நடப்போர் கடன். அவ்வாராய்ச்சிக்கு மடத்திலேயே இடம் இருந்தமை நம் மரபின் பெருமை. இன்னொன்றும் கருதற்பாலது. இலக்கணக் கொத்தையும் சூறாவளியையும் அச்சேற்றியவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். மறுக்கப்பெற்ற இலக்கண விளக்கத்தை 1889ஆம் ஆண்டில் அச்சிட்டவர் அதே யாழ்ப்பாண நாட்டுச் சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம் பிள்ளை. வாதத்தின் இரு பக்கத்து நூல்களும் அழியாமல் நமக்குக் கிடைத்தன.

இல்லறத்தில் இருந்த தேசிகர்கள்

தேசிகர் என்றதும் காவியுடையும் சடைமுடியுமே நினைவுக்கு வருதல் இயல்பு. எனினும் இல்லறத்தில் நின்றே அப்பெயர் தாங்கிய குடிகள் சோழநாட்டிலும் தொண்டைநாட்டிலும் இருந்தன. வீரசைவ மரபில் காஞ்சிபுரத்துக் குமாரசுவாமி தேசிகர் ஒருவர். அவர்தம் மக்களுள் ஒருவரே, நன்னெறியும் பிரபுலிங்க லீலையும் செய்த துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள். வேலையரும் கருணைப்பிரகாசரும் அவர் உடன்பிறந்தோர். மூவரும் நூல் செய்த புலவர். தேசிகர் ஒருவர் இல்லமே கல்விச்சாலையாக இருந்தமைக்கு இதனினும் சான்று வேண்டா.

வேதாரணியத்து நிரம்பவழகிய தேசிகர் சேது புராணம் பாடியவர். திருவருட்பயனுக்கும் உரை கண்டவர். கும்பகோணத்தை அடுத்த கொட்டையூர் தேவாரத் தலம். அவ்வூர்ச் சிவக்கொழுந்து தேசிகர், 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரின் அவைப்புலவராக விளங்கினார். அவர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி தஞ்சைப் பெரிய கோயிலில் நாடகமாக நடிக்கப்பெற்றது. மராட்டிய மன்னரின் அவையில் தமிழுக்கு இடம் தேடித்தந்த தேசிகர் அவர்.

ஊர்தோறும் இங்ஙனம் பெயர் தழைத்தது. திருவாரூர், கொட்டையூர், வேதாரணியம், காஞ்சிபுரம், மேலகரம் என ஊர்ப்பெயரைக் கூறினாலன்றி எந்தத் தேசிகர் என்பது விளங்காது. பெயர் பொதுவானபோது ஊர் அவரைச் சிறப்பித்தது. அவரால் ஊரும் சிறப்புற்றது.

வைணவ மரபில் ஒருவர்

சைவம் கடந்தும் இப்பெயர் ஒளிர்கின்றது. வைணவருள் 'தேசிகன்' என்று அடையின்றிக் கூறினால் வேதாந்த தேசிகர் ஒருவரையே குறிக்கும். காஞ்சிபுரத்தைச் சார்ந்த தூப்புலில் 1268ஆம் ஆண்டில் தோன்றிய வேங்கடநாதர் அவர். வடமொழியில் பாதுகா சகசிரம், அம்ச சந்தேசம், சங்கற்ப சூரியோதயம் முதலியன செய்தார். தமிழிலும் பிரபந்தங்கள் பாடினார். 14ஆம் நூற்றாண்டில் திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளாகியபோது, சுதர்சன சூரி எழுதிய சுருதப்பிரகாசிகை என்னும் பேருரையையும், சூரியின் இளமக்கள் இருவரையும் காத்து வெளியே கொண்டுசென்றவர் அவர் என்பது குருபரம்பரைச் செய்தி. இல்லறத்தாராகவே வாழ்ந்து, உஞ்சவிருத்தியால் உண்டு, பெரும்பொருளை நாடாதிருந்தார்.

இரண்டு சமயத்தார்க்கும் கொள்கையில் வேறுபாடு உண்டு. ஆயினும் ஆபத்துக் காலத்தில் ஏட்டையும் குழந்தையையும் காத்தவரை எந்தச் சமயத்தார் வழிகாட்டி என்று ஏலாதிருப்பர்?

மேலகரம் சுப்பிரமணிய தேசிகர்

பிற்காலத்தில் இப்பெயரின் பொருளை முழுதும் மெய்ப்பித்தவர் திருவாவடுதுறை மேலகரம் சுப்பிரமணிய தேசிகர். மேலகரம் குற்றாலத்தை அடுத்த ஊர். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரும் அவ்வூரினரே. தேசிகர் சின்னப்பட்டத்தில் கல்லிடைக்குறிச்சி மடத்தில் எழுந்தருளியிருந்தபோது, இளஞ்சிறுவராகிய வைத்தியநாதையரின் இசைப்புலமையைக் கேட்ட சபையில் 'மகா' என்னும் பட்டம் வழங்கப்பெற்றது. அதுமுதல் அவர் மகா வைத்தியநாதையர் ஆயினார். சுப்பிரமணிய தேசிகர்க்கு முன்னிருந்த அம்பலவாண தேசிகர் காலத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் 'மகாவித்துவான்' ஆயினார்கள். ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டில் 'நாவலர்' என்னும் பட்டம் பெற்றதும் திருவாவடுதுறை ஆதீனத்திலேயே. பிறர்க்குப் பெயர் சூட்டுதற்கும் உரிமை பெற்ற பெயர் தேசிகர் என்பதனை இவற்றால் அறிக.

1876ஆம் ஆண்டில் பிள்ளையவர்கள் சிவபதம் அடைந்தார்கள். அவர்களிடம் பயின்ற உ. வே. சாமிநாதையர் அப்போது இருபது வயதினர். தேசிகர் அவரைக் கைவிடவில்லை. மடத்திலேயே இருக்கச் செய்து, தாமும் பாடஞ்சொல்லி, பிறர்க்குப் பாடஞ்சொல்லவும் வைத்தார். 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வுபெறுங்கால், தமக்குப் பின் சாமிநாதையரை அமர்த்த விரும்பி மடத்திற்கு வந்து கேட்டார். சாமிநாதையரைப் பிரிய மனம் இசையாதிருந்தும், அவருடைய நன்மையையும் தமிழின் நன்மையையும் கருதித் தேசிகர் விடைகொடுத்து அனுப்பினார். தம்மிடமே இருத்திக்கொள்வது அன்பு; செல்ல வேண்டிய திசைக்கு அனுப்புவது தேசிகத்தன்மை.

அதன்பின் நிகழ்ந்ததே பெருஞ்சிறப்பு. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கியபோது, மடத்து ஏட்டுச் சுவடிகளும் உதவின. அது சமண காவியம். சைவ ஆதீனம் ஒன்று சமண நூலின் பதிப்புக்குச் சுவடி உதவலாமோ என்னும் தயக்கம் அங்கே தலைகாட்டவில்லை. 1887ஆம் ஆண்டில் சிந்தாமணி அச்சாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு, 1888இல், தேசிகர் பரிபூரணம் அடைந்தார். தமிழுலகம் தன் பழஞ்செல்வத்தை மீட்டுக்கொண்ட நெடுவழியின் தொடக்கத்தில், கைவிளக்கோடு நின்றவருள் அவரும் ஒருவர்.

நம் காலத்துக்கு அணுகிய தேசிகர்கள்

20ஆம் நூற்றாண்டில் தண்டபாணி தேசிகர் என்னும் பெயரில் இருவர் புகழ்பெற்றனர். ஒருவர், தருமபுர ஆதீனம் வெளியிட்ட திருக்குறள் உரைவளத்தைத் தொகுத்த மகாவித்துவான் ச. தண்டபாணி தேசிகர். மற்றவர் இசையுலகம் அறிந்த எம். எம். தண்டபாணி தேசிகர். 1908ஆம் ஆண்டில், சிறுத்தொண்ட நாயனாரின் ஊராகிய திருச்செங்காட்டங்குடியில் தோன்றியவர். தேவாரப் பயிற்சியில் வளர்ந்த குரல் அவருடையது. தமிழிசைக்கு உழைத்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை பயிற்றி, 1972ஆம் ஆண்டில் மறைந்தார்.

1942ஆம் ஆண்டில் வெளிவந்த நந்தனார் திரைப்படத்தில் அவர் நந்தனாராக நடித்தார். இதில் ஓர் அருமை உண்டு. நந்தனார் எனப்படும் திருநாளைப்போவார், கோயிலுக்குள் புக இயலாமல் வெளியே நின்று ஏங்கிய அடியார். தேசிகரோ வழிகாட்டும் ஆசிரியர் என்னும் பொருளுடைய பெயரினர். அப்பெயர் தாங்கியவர், வெளியே நிறுத்தப்பெற்றவரின் குரலாக நின்று தில்லைக்கு வழி கேட்டுப் பாடினார். கேட்டவர் கண்கள் நீர் மல்கின. வழிகாட்டுவோர் யார், வழி கேட்போர் யார் என்பதனைக் குலம் கொண்டு துணிதல் இயலாது என்பதற்கு, அறுபத்து மூவருள் ஒருவராகிய திருநாளைப்போவாரே சான்று. கோயில்தோறும் அவர் திருவுருவம் நின்று வழிபடப்பெறுகின்றது; அவரை வெளியே நிறுத்தினோர் பெயர் எங்கும் இல்லை.

தேசிகர் என்னும் சொல் மனிதர் பெயரின் ஈற்றில் மட்டும் நிற்பதன்று, முதலிலும் நிற்கும். நாஞ்சில் நாட்டுத் தேரூரில் 1876ஆம் ஆண்டில் தோன்றிய கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் பெயரில் அஃது ஆனைமுகக் கடவுளுக்கு அடையாயிற்று. விநாயகப் பெருமானே வழிகாட்டும் தேசிகர் என்பது அதன் கருத்து. அவருக்குத் தமிழ் பயிற்றியவர், திருவாவடுதுறையின் கிளையாகிய வாணன்திட்டு மடத்துச் சாந்தலிங்கத் தம்பிரான் என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது.

பெயர் யாருக்கு உரியது?

இதுகாறும் கண்டவற்றால் இப்பெயர் இரு வழியாக வருதல் விளங்கும்: பட்டத்தால் வருவது ஒன்று, பிறப்பால் வருவது ஒன்று. இவற்றுள் எது உரிமை? இவ்வினாவுக்கு விடை ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே தஞ்சையில் கல்லில் வெட்டப்பட்டுள்ளது.

முதல் இராசராச சோழன் தான் எடுத்த பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்யப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் அமர்த்தினான். ஆக 50 பேர். ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல். அவர்களின் பெயர்களைக் கல்வெட்டில் நோக்கினால், தீக்கைப் பெயராகச் 'சிவன்' என்னும் ஈறு வரிசையாக நிற்கக் காணலாம். வெவ்வேறு ஊரினர், வெவ்வேறு பெற்றோரின் மக்கள், ஒரு பெயரீற்றால் ஒரு குடும்பமாயினர். அவருள் ஒருவர் இறப்பினும், புலம்பெயர்ந்து போயினும், அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்று அப்பணியைச் செய்தல் வேண்டும். அவ்வுறவினர் தகுதியில்லாதவராயின், தகுதியுடைய ஒருவரை அமர்த்திப் பாடச் செய்தல் வேண்டும். உறவினரே இல்லையாயின், அக்கூட்டத்தாரே தக்கார் ஒருவரைத் தேர்ந்து அமர்த்துதல் வேண்டும். இது மன்னன் வகுத்த ஏற்பாடு.

இதன் நுட்பத்தைச் சிந்திக்க. மன்னன் பிறப்புரிமையை மறுக்கவில்லை. ஆயின் அதனைத் தகுதிக்குக் கீழே வைத்தான். குடிகள் மாறலாம், ஆட்கள் மாறலாம். பாட்டு நிற்றல் ஆகாது. கோயிலுக்கு வேண்டியது பெயர் அன்று, பணி.

இக்காலத்தில் பெயருக்குப் பின் குடிப்பட்டம் எழுதும் வழக்கம் தமிழ்நாட்டில் பெரிதும் அருகிவிட்டது. 1929ஆம் ஆண்டில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடுமாறு தீர்மானித்தது. அதன்பின் அவ்வெண்ணம் நாடெங்கும் பரவியது. தேசிகர் என்னும் பெயரையும் குடிப்பட்டமாக மட்டும் கொண்டிருந்த இல்லங்கள் சில விட்டுவிட்டன. இதுபற்றிச் சைவ அன்பர் சிலர் வருந்துவர். அவ்வருத்தம் தேவையில்லை என்பது எம் துணிபு. வழிகாட்டாதார் அப்பெயரை எழுதுவதால் பெயர் வாழாது. வழிகாட்டுவோர் எழுதாது விடுதலால் பெயர் சாகாது. வருந்த வேண்டுவது வேறொன்று உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பண்ணோடு திருமுறை ஓதிய இல்லங்களில், ஓதுவார் இன்றிக் கதவடைந்தவை பல. அவ்விடங்களை நிரப்புவோரைப் பெயரும் குடியும் நோக்கித் தேடுவோமாயின், சோழ மன்னன் கல்லில் வெட்டியதனை நாம் படிக்கவில்லை என்பதே பொருள்.

நல்லகாலமாக அத்தேடல் விரிந்துள்ளது. ஓதுவார் பயிற்சிப் பள்ளிகளில் பல குடிகளிலிருந்தும் வந்து பயில்கின்றனர். 2021ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் திருக்கோயிலில் பெண்மணி ஒருவர் ஓதுவாராக அமர்த்தப்பெற்றார். பயின்று தகுதி பெற்று வந்தார், பாடுகின்றார். காரைக்காலம்மையார் பாடிய தமிழைத் தலைமேற் கொள்ளும் நாம் இதற்கு வியத்தல் வேண்டா; மகிழ்தல் வேண்டும்.

திருப்பணி செய்த அன்பர்களுக்கு

திருக்கோயிலின் விமானமும் கோபுரமும் அன்பர்களின் பொருளால் புதுக்கோலம் பெற்றன. கற்பலகையில் பெயர் பொறித்தல் நன்றி பாராட்டும் முறை; அது தக்கதே. தஞ்சைப் பெருவேந்தனும் தான் கொடுத்தனவற்றோடு, பிறர் கொடுத்தனவற்றையும் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான். ஆனால் அக்கல்வெட்டு, கொடுத்தவர் பெயரோடு நில்லாமல், கொடையால் நாள்தோறும் நடைபெற வேண்டிய பணியையும், அப்பணி செய்வார்க்கு அளக்க வேண்டிய நெல்லையும் சேர்த்தே கூறுகின்றது. பெயரைக் காத்தது கல். கல்லைப் பொருளுடையதாக்கியது பணி.

ஆகவே எம் வேண்டுகோள் ஒன்றே. திருக்குடமுழுக்கின் பின்னர் வரும் நாட்களில், காலையும் மாலையும் பெருமான் திருமுன் நின்று திருமுறை ஓதுவார் ஒருவர் உளரா, அவர்க்கு உணவும் உறையுளும் மதிப்பும் உளவா, அவரிடம் பயிலச் சிறுவர் சிறுமியர் நால்வரேனும் வருகின்றனரா என்று அன்பர்கள் நோக்குக. இல்லையெனின் அதற்கு ஓர் அறக்கட்டளை வைக்க. ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ பண்ணோடு ஒரு பதிகம் ஓதக் கற்பிக்கத் துணைநிற்பவர் யாவராயினும், அவர்தம் பெயரின் ஈறு எதுவாயினும், அச்செயலளவில் அவர் தேசிகரே.

ஆவடுதுறையில் நூல் செய்தார், ஆரூரில் விளக்கேந்தி நின்றார், அரங்கத்தில் ஏடு காத்தார், மடத்தில் இருந்து மாணாக்கரைத் திசைநோக்கி அனுப்பினார் ஆகிய அனைவரையும் ஒரு பெயரால் இணைத்தது அவர்தம் குருதி அன்று. பின்வருவார்க்கு வழி தெரிதல் வேண்டும் என்னும் கருணையே. அக்கருணை இத்திருக்கோயிலில் என்றும் குன்றாது நிலவ, எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்